பறக்கும் வள்ளத்தின் அடி

எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் நின்று ஒன்பது வருஷத்துக்கு மேலாகிறது. கனடாவில் நாங்கள் இருக்கிற அஜக்ஸில் மற்றச் சனமெல்லாம் காரைக் கராஜுக்குள் விட்டுவிட்டு டிரைவ்வேயில் மட்டும் பனி தள்ளும். நான் காரின் தலையிலும் தள்ளி, டிரைவ்வேயிலும் தள்ளி, கை விறைக்க வேலைக்குப் போவேன். ஏனென்றால் உள்ளே என் மனிசன், எங்கள் வீட்டுத் துரை, பிளேன் கட்டிக்கொண்டிருந்தார்.

பிளேன் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "பிளேன் இல்லையப்பா, பறக்கிற வள்ளம்" என்பார். கீழே வள்ளம், மேலே பறவைச் சிறகு மாதிரிச் செட்டை, தலைக்கு மேலே ஓர் எஞ்சின், தரையில் ஓட, வேண்டாத நேரத்தில் உள்ளே மடித்துவைக்க, மூன்று சில்லு. தரையிலும் இறங்கும், தண்ணீரிலும் இறங்கும், இரண்டிலிருந்தும் எழும்பும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போகலாம். "போட்டுக்கும் பிளேனுக்கும் கலியாணம் முடிச்சு வைக்கிறார் அப்பா" என்று எங்கள் மகன் ஜூலியன் பகிடி பண்ணுவான். கலியாணம் முடித்து மாட்டுப்பட்டது நான்தான் என்று அவனுக்குச் சொல்வேன்.

என் மனிசன் றெமிஜியஸ் பேசாலைக்காரர். மன்னார்க் கடலில் பிறந்து வளர்ந்து, இங்கே வந்து குளியல் தொட்டி செய்கிற ஒரு ஃபாக்டரியில் ஃபைபர்கிளாஸ் வேலை செய்து ஓய்வெடுத்தவர். கண்ணாடி நாரில் செய்த பாயை வெட்டி அச்சில் விரித்து, ரெசின் பூசி, உருளையால் உருட்டிப் படை படையாக இறுக்குகிற வேலை. பிளேனை வரைந்தது வாகீசன். மார்க்கம் என்கிற பக்கத்து ஊரில் இருக்கிற எஞ்சினியர், விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்தவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தானே ஒரு சின்னப் பறக்கும் படகு செய்யவேண்டும் என்று அந்தத் தம்பிக்கு ஒரு விசர். ஃபைபர்கிளாஸ் தெரிந்த ஆள் தேடி, யாரோ சொல்லி, ஒருநாள் சுருட்டிய தாள்களோடு எங்கள் குசினிக்குள் வந்து நின்றார்.

தாளை மேசையில் விரித்து வாகீசன் மணித்தியாலக் கணக்காக விளக்கினார். என் மனிசன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, இது தண்ணியிலை இருந்து எழும்புமோ?"

"எழும்பத்தானே அண்ணை செய்யிறம்."

"அப்ப நான் செய்து தாறன்."

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தம்பிக்குத் தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் போனோம். பழைய மரவள்ளம், அளவுக்கு மேல் சனம். நடுக்கடலில் அடிப்பலகை விட்டுக்கொடுத்தது. எங்கள் மூத்த பிள்ளை மெலனி அவருடைய கையில் இருந்தாள். நாலு வயது. இந்தியப் பக்கத்து மீன்பிடிக்காரர் எங்களைத் தூக்கியபோது அவருடைய கை வெறுங்கையாக இருந்தது. எப்படி என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு கனடா வந்தோம், ஜூலியன் பிறந்தான், வீடு வாங்கினோம், எல்லாம் நடந்தது. அந்தக் கதையை மட்டும் எடுப்பதில்லை. தண்ணீர் பிடிக்கிறபோது அப்படியே எழும்பி மேலே போகக்கூடிய ஒரு வள்ளம், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

முதல் வருஷமே வள்ளத்தின் உடம்பைச் செய்து முடித்துவிட்டார். மிச்சத்துக்குத்தான் காலம் போனது. வாகீசனின் முதல் வரைபடத்தில் எஞ்சின் முன்னுக்கு இருந்தது. தண்ணீர் அடித்து விசிறியைத் தின்றுவிடும் என்று தூக்கி மேலே வைத்தார்கள். மேலே வைத்ததும் மூக்கைக் கீழே அமத்தியது, வாலை மாற்றினார்கள். வாலை மாற்றியதும் செட்டை நுனி மிதவை சரிவரவில்லை. இப்படி ஒன்றைத் திருத்த ஒன்று பிழைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேரும் கராஜுக்குள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். நான் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுபோய் வைத்துவிட்டு, இரண்டு பேரையும் சேர்த்து ஏசிவிட்டு வருவேன். உள்ளதைச் சொன்னால், அந்தச் சத்தமும் சண்டையும் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் ஓர் உயிர் இருந்தது.

போன வருஷம் ஆவணியில், ஒஷாவாவுக்கு வடக்கே ஸ்கூகொக் ஏரிக்கு ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு போனோம். பறக்க இன்னும் அனுமதி இல்லை, தண்ணீரில் ஓட்டிப் பார்க்க மட்டும். வாகீசன் தனியே ஏறி எஞ்சினை முறுக்கினார். வேகப் படகு என்றால் ஒரு வேகத்துக்கு மேல் தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு, மேலே ஏறி வழுக்கத் தொடங்கும். அப்படி ஏறி வழுக்கினால்தான் அதற்குப் பிறகு பறப்பதைப் பற்றிக் கதைக்கலாம். இது ஏறவில்லை. மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, வாலைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு, ஏரி முழுக்க உழுதது. திரும்பி வந்து இன்னொரு தரம் போனார். பிறகும் போனார். அக்கரைப் புல்லுக்குள் போய் நிற்கிறதே தவிர ஏறுகிற பாடாய் இல்லை.

"தண்ணி விடுதில்லை" என்று இவர் சொன்னார். முகம் செத்துப்போய் இருந்தது.

"அந்தோனியாரே, ஒரு நாளிலை எல்லாம் சரிவருமே? வாங்கோ, சாப்பிடுவம்" என்று நான் சும்மா கத்தினேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலவில்லை.

வாகீசன் மூன்று சில்லுக்கும் மூன்று தராசு கொண்டுவந்து கராஜில் வைத்து நிறுத்தார். கணக்கு உதைத்தது. ஒரு முழு ஆளின் பாரம் கூட. செட்டையை நிறுத்தார், எஞ்சினை நிறுத்தார், இருக்கையைக் கழற்றி நிறுத்தார், எல்லாம் சரி. மிஞ்சியது வள்ளத்தின் அடிதான்.

"அண்ணை, எல்லா வள்ளத்துக்கும் அடியிலை தண்ணி வடிய ஒரு ஓட்டை இருக்கும். உங்களிட்டை எத்தினை தரம் சொன்னனான், நீங்கள் இன்னும் போடேல்லை. அதை இப்ப போடுவம். அறுத்தெடுக்கிற துண்டிலை அடியின்ரை தடிப்பும் தெரிஞ்சிடும்."

"ஓட்டை வேண்டாம். தண்ணி வந்தா நான் கோலி இறைப்பன்."

"ஆகாயத்திலை போகேக்கையோ அண்ணை?" என்று வாகீசன் சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. ட்ரில்லுக்கும் வள்ளத்துக்கும் நடுவில் போய் நின்று, அடியில் கையை விரித்து வைத்துக்கொண்டார். "அடியிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்றார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதேயில்லை. வந்த கோபத்தில் சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். "என்ன விசர்க் கூத்து இது? தம்பியை வேலை செய்ய விடுங்கோ! ஒன்பது வருஷமா நான் பனியிலை செத்தது உதை இஞ்சை வைச்சுப் பூசை செய்யவோ?" என்றேன். அவர் விலகினார். சண்டைக்கு வரவில்லை. அது எனக்கு இன்னும் பயமாயிருந்தது.

வட்டமாக அறுக்கிற வாளை ட்ரில்லில் பூட்டி வாகீசன் அறுத்தார். மாரி பிஸ்கட் அளவில் ஒரு துண்டு கழன்று நிலத்தில் விழுந்தது. அகலம்தான் பிஸ்கட், தடிப்பில் பாண் துண்டுக்குக் கிட்ட வரும். வாகீசன் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, விளிம்பை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"அண்ணை, நான் கீறினது மூண்டு படை. இதென்ன, பூசிப் பூசி வைச்சிருக்கிறியள்? மூண்டுக்கு மேலை ஒன்பது இருக்கு. ஒவ்வொண்டும் வேறை வேறை நிறம். ஒரே நாளிலை போட்டதில்லையே இது?"

அவர் எண்ணி முடிக்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. அங்கே கிடந்த பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு இருந்துவிட்டேன்.

நவம்பர் இரண்டாம் திகதி எங்களுக்கு ஆத்துமாக்கள் திருநாள். ஊரில் என்றால் சேமக்காலைக்குப் போய், கல்லறையைத் துப்புரவாக்கி, வெள்ளை அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். இங்கேயும் எங்கள் சனம் பூவும் திரியும் கொண்டு தங்கள் தங்கள் ஆட்களின் கல்லறைக்குப் போகும். நாங்கள் எங்கே போகிறது? எங்கள் பிள்ளைக்குக் கல்லறை இல்லை. கோயிலில் பேரைக் கொடுத்துப் பூசை கண்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். வந்ததும் இவர் உடுப்பை மாற்றிக்கொண்டு கராஜுக்குள் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் ரெசின் மணம் வீடு முழுக்க அடிக்கும். "இண்டைக்குமோ? பிள்ளையின்ரை நாளிலையும் உந்தக் கோதாரியோ?" என்று கதவடியில் நின்று கத்துவேன். வருஷா வருஷம் கத்தியிருக்கிறேன். மற்ற ஆட்கள் மெழுகுதிரி கொளுத்துகிற நேரத்தில் அவர் வள்ளத்துக்குள் குனிந்து, அடி உடையாமலிருக்க ஒரு பாயை விரித்துப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார்.

வாகீசனுக்கு நான்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தத் தம்பியின் கண் கலங்கியது. கையில் இருந்த துண்டை மெதுவாக மேசையில் வைத்தார். பிறகு, சொல்லத்தான் வேண்டும் என்கிற மாதிரிச் சொன்னார்.

"அண்ணை, எனக்கு வாய் வருகுதில்லை. ஆனா உதெல்லாத்தையும் உள்ளுக்கிருந்து அரைச்சு எடுக்காட்டி இது எழும்பாது. செட்டை வைச்ச வள்ளமாத்தான் இருக்கும். நான் உங்களை அவசரப்படுத்தமாட்டன். உங்கடை விருப்பம்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வாகீசன் வரவில்லை. இவர் கராஜுக்குள் போவார், கிரைண்டரைக் கையில் எடுப்பார், வைத்துவிட்டு வருவார். நானும் அவரோடு கதைக்கவில்லை. இரக்கம் ஒரு பக்கம் இருந்தது, அதைவிட எனக்குக் கோபம்தான் பெரிதாக இருந்தது. எனக்குச் சொல்லாமல் பிள்ளைக்கு ஒரு கல்லறை கட்டியிருக்கிறார்! நானும் பெற்றவள்தானே? நானும் வந்து ஒரு பக்கத்தைப் பிடித்திருப்பேனே? ஒன்பது வருஷம் என்னைக் கதவுக்கு வெளியே நின்று கத்தவிட்டு, தான் மட்டும் உள்ளே பிள்ளையோடு இருந்திருக்கிறார்.

நவம்பர் வந்தது. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். உடுப்பை மாற்றினார். கத்தரிக்கோலையும் ஒரு சுருள் பாயையும் எடுத்துக்கொண்டு கராஜுக் கதவைத் திறந்தார். பத்தாவது படை! கோயில் சீலையோடு நானும் பின்னால் போனேன்.

"அதை வையுங்கோ கீழை."

"நீ உள்ளுக்குப் போ, வேரோனிக்கா. இண்டைக்கு மட்டும் ஒண்டு."

"ஆரின்ரை பிள்ளைக்குப் போடுறியள்? அவள் எனக்கும் பிள்ளை!"

"அடி பலமா இருந்திருந்தா..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை.

அந்த அரை வசனத்தைக் கேட்க நான் முப்பத்துநாலு வருஷம் காத்திருந்திருக்கிறேன். கேட்டதும் எனக்கு எல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது. "அவள் அடியிலைதானப்பா கிடக்கிறாள்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "கடலின்ரை அடியிலை கிடக்கிற பிள்ளைக்கு இன்னும் என்னத்துக்கு அடி? மேலை எழும்பட்டும் எண்டுதானே தொடங்கினனீங்கள்? பிறகேன் நீங்களே பிடிச்சு அமத்திறியள்?"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நான் கோயில் சீலையைத் தூக்கிச் செருகினேன். அவருடைய பழைய ஜக்கெட்டையும் முகமூடியையும் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, கிரைண்டரை எடுத்து, வள்ளத்துக்குள் ஏறினேன். என் வாழ்க்கையில் அதைத் தொட்டதில்லை. பொத்தானை அமத்தியதும் கையிலிருந்து பாயப் பார்த்தது. பிடித்து அடியில் வைத்தேன். வெள்ளைப் புகை கிளம்பியது. கடைசியாய்ப் பூசிய படை, முந்தின வருஷத்துப் படை, முதலில் கரைந்தது. ஒவ்வொன்றாய் வரும்போது, இது ஜூலியன் யூனிவர்சிட்டி முடித்த வருஷம், இது கொரோனா வருஷம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே அரைத்தேன். முகமூடிக்குள் அழுதால் கண்ணாடியை ஆவிப் புகார் மூடிவிடும். மூடினால் துடைக்கவும் முடியாது. அதோடுதான் அரைத்தேன்.

எவ்வளவு நேரம் போனதோ, பக்கத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. வக்கியூம் குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் வள்ளத்தின் விளிம்பால் எட்டிக் குனிந்து நின்றார். நான் அரைக்க அரைக்க, அவர் தூசியை இழுத்தார். "ஆழமாப் போகாதை. கையை இலேசாப் பிடி" என்றார். அன்று அவர் சொன்னது அவ்வளவுதான்.

மாரி முழுக்க அரைத்தோம். கண்ணாடித் தூள் உடம்பெல்லாம் கடித்தது, குளித்தாலும் போகாது. கறுப்புப் பையில் கட்டிவைத்த தூசியை என்ன செய்வது என்று அவர் கேட்டார். "குப்பைதான், வேறை என்ன?" என்றேன். வாய் சொன்னது, கை அதைத் தூக்கி ரோட்டில் வைக்க மறுத்தது. அவரே குப்பைமேட்டுக்குக் காரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து காருக்குள்ளேயே கனநேரம் இருந்தார். மாசியில் வாகீசனுக்குப் போன் பண்ணி, "தம்பி, வாரும். தராசைக் கொண்டு வாரும்" என்றார்.

இந்த வைகாசியில் அனுமதி கிடைத்தது. தரையிலிருந்து வாகீசன் இரண்டு தரம் எழும்பி இறங்கினார். ஆட்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். இவர் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவருக்குத் தண்ணீர்தான் கணக்கு.

ஏரிக்குப் போவதற்கு முதல் நாள் வாகீசன் போனில் சொன்னார்: "அண்ணை, அடி இலேசானதாலை பாரம் பின்னுக்குப் போட்டுது. நான் தனிய ஏறேக்கை பக்கத்து சீற்றிலை கொஞ்சப் பாரம் வேணும். முப்பது இறாத்தல் போலை. நாளைக்கு ஒரு மண் மூட்டை கட்டிக்கொண்டு வாறன்."

"மண் வேண்டாம். நான் கொண்டு வாறன்" என்றார் இவர்.

விடிய நான் குசினிக்குள் வரும்போது, தமிழ்க் கடையில் வாங்கிய பெரிய அரிசி மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சுண்டு அரிசி அள்ளிச் சட்டிக்குள் போடுவார். மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டு இறக்குவார். இன்னும் ஒரு சுண்டு அள்ளுவார். திரும்பத் தூக்கி இடுப்பில் வைப்பார். பக்கத்து மேசையில் தராசு சும்மா இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கடைசியில் ஒரு தரம் இடுப்பில் வைத்தவர் இறக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார். வாங்கி என் இடுப்பில் வைத்தேன். சரியாக இருந்தது. பெற்றவளுக்கு அந்தப் பாரம் மறக்குமா?

"சரி" என்றேன். அவர் ஊசியும் நூலும் எடுத்து மூட்டையின் வாயைத் தைத்தார்.

ஏரியில் காற்று இருக்கவில்லை. மூட்டையை அவரே கொண்டுபோய் வாகீசனின் பக்கத்து இருக்கையில் வைத்தார். பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். தள்ளிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் இறுக்கினார். வாகீசன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்றார் இவர். "கவனமாக் கூட்டிக்கொண்டு போட்டு வாரும்."

"ஓம் அண்ணை. கூட்டிக்கொண்டு வாறன்."

எஞ்சின் இரைந்தது. ஓடியது. மூக்கைத் தூக்கியது. முந்தி மாதிரி உழப்போகிறது என்று நினைத்து நான் செபமாலையை இறுக்கிப் பிடித்தேன். அப்போது மூக்கைத் தாழ்த்தி, தண்ணீருக்கு மேலே ஏறி வழுக்கத் தொடங்கியது. அடியில் வெளிச்சம் தெரிந்தது. வாலிலிருந்து தண்ணீர் ஒழுகியது, பிறகு ஒழுகவில்லை. அவ்வளவுதான், எழும்பிவிட்டது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றியது. இவர் கை தட்டவில்லை, கத்தவில்லை. கழுத்து நோகும் என்றும் பாராமல் அண்ணாந்தபடி, அது போகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டு நின்றார்.

அது இறங்கி எங்கள் பக்கம் வர வர, இவர் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவுக்குப் போனார். மூடியைத் திறந்துகொண்டு வாகீசன் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். "அண்ணை, எழும்பிச்சுது! விட்டிட்டுது அண்ணை, தண்ணி விட்டிட்டுது!" இவருடைய காதில் அது ஏறவில்லை. மறுபக்கத்தால் போய், பெல்ட்டைக் கழற்றி, மூட்டையைத் தூக்கினார். தண்ணீர் படாமல் நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக ஊன்றி, கரைக்கு நடந்து வந்தார். பாரம் கையை இழுத்தது. விடவில்லை.

நான் தண்ணீருக்குள் இறங்கி, "தாங்கோ" என்று வாங்கி இடுப்பில் வைத்தேன்.

"நனைஞ்சிட்டாளோ?" என்று கேட்டார்.

மூட்டையைச் சுற்றிவரத் தடவிப் பார்த்தேன். அடியையும் தடவிப் பார்த்தேன்.

"இல்லையப்பா" என்றேன். "எங்கையும் நனையேல்லை."

அவர் கரையில் முழங்காலில் விழுந்து, முப்பத்துநாலு வருஷமாய் அழாத அழுகையை அழத் தொடங்கினார். நான் மூட்டையை இறக்கி வைக்காமலே பக்கத்தில் நின்றேன்.